புது ப்ராசஸர், புது கிராபிக்ஸ் கார்டு, ஆனால் டிஸ்ப்ளே இல்லை

"மாமா, பேன் எல்லாம் சுத்துது, லைட்டு எரியுது. டிஸ்ப்ளே மட்டும் வரமாட்டேங்குது."

மதுரை திருநகரில் இருக்கும் என் அக்கா மகன் இப்படிச் சொன்னபோது இரவு பத்தரை மணி. கல்யாண வீடியோ எடிட்டிங் அவனுக்குத் தொழில். ஆவணி முகூர்த்தங்கள் முடிந்து மூன்று கல்யாணங்களின் வேலை கையில் நின்றது. பழைய கம்ப்யூட்டர் இழுக்க முடியாமல் திணறியதால் ரைசன் 5 5600 ப்ராசஸரும் ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டும் வாங்கி, அன்று மாலையே இரண்டையும் மாட்டியிருந்தான். காலையில் டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் வாங்கிய கடைக்கே போய் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டான்.

"இப்பவே எதையும் முடிவு பண்ணாத மாப்ள. முதல்ல எங்க நிக்குதுன்னு பாப்போம்" என்றேன்.

எங்கள் ஊர் மேலூர்ப் பக்கம், பெரியாற்றுப் பாசனத்தின் கடைமடை. வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் அங்கே யாரும் வயலைத் தோண்டிப் பார்ப்பதில்லை. வாய்க்கால் கரையோடு மேலே நடந்து போவார்கள். இந்த மடையில் காய்ந்து கிடக்கிறது, அதற்கு மேல் மடையில் தண்ணீர் நிற்கிறது என்றால் அடைப்பு இரண்டுக்கும் நடுவில். அங்கே மண்வெட்டியைப் போட்டால் போதும். கம்ப்யூட்டரில் பழுது தேடுவதற்கும் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. பவர் பட்டனை அழுத்திய நொடியிலிருந்து விண்டோஸ் வரும்வரை வேலை ஒரு வரிசையில்தான் நடக்கிறது. சுவரிலிருந்து வரும் கரண்டை எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளைப் பெட்டி வாங்கி, எல்லாப் பாகங்களும் உட்காரும் பலகையான மதர்போர்டுக்குத் தருகிறது. மதர்போர்டில் இருக்கும் பயாஸ் என்ற சிறு நிரலைக் கொண்டு ப்ராசஸர் விழிக்கிறது. அடுத்து ராம், அப்புறம் கிராபிக்ஸ் கார்டு, அதற்குப் பிறகு டிஸ்க். கடைசியில் விண்டோஸ். இந்த வரிசையில் எதுவரை வந்து நின்றது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பழுது தீர்ந்த மாதிரி.

பேன் சுற்றுவதும் விளக்கு எரிவதும் முதல் மடை வரை தண்ணீர் வந்ததற்கான அடையாளம், அவ்வளவுதான். ப்ராசஸர் விழித்ததா என்பதைப் பேன் சொல்லாது. அதைச் சொல்ல இப்போதைய பல மதர்போர்டுகளில் ஓர் ஓரமாக நான்கு பொடி விளக்குகள் வைத்திருப்பார்கள். பக்கத்தில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று அச்சிட்டிருக்கும். கம்ப்யூட்டரைப் போட்டதும் இவை ஒவ்வொன்றாக எரிந்து அணையும். எந்த விளக்கு அணையாமல் நிற்கிறதோ, அந்த இடத்தில் அடைப்பு. விலை குறைந்த போர்டுகளில் இந்த விளக்குகள் இருக்காது. ஒரு குட்டி ஸ்பீக்கரை மதர்போர்டில் செருகினால் பீப் ஒலிகளின் எண்ணிக்கையை வைத்துக் கண்டுபிடிக்கலாம். எத்தனை பீப்புக்கு என்ன பொருள் என்பது போர்டுக்குப் போர்டு மாறும். அதனால் உங்கள் போர்டின் கையேட்டைத்தான் பார்க்க வேண்டும்.

அவன் போர்டில் விளக்குகள் இருந்தன. சிபியு என்று போட்டிருந்த விளக்கு அணையவே இல்லை. ஆனாலும் முதலில் அதைவிட எளிய விஷயங்களை முடித்துவிடச் சொன்னேன், ஏனென்றால் அவற்றுக்குக் காசும் வேண்டாம், ஸ்க்ரூ டிரைவரும் அநேகமாக வேண்டாம்.

முதலாவது, மானிட்டருக்குப் படத்தைக் கொண்டுபோகும் எச்டிஎம்ஐ கேபிள் எங்கே செருகியிருக்கிறது என்பது. கேபினெட்டின் பின்பக்கத்தில் மேலே, யுஎஸ்பி துளைகளுக்குப் பக்கத்தில் இருப்பது மதர்போர்டின் எச்டிஎம்ஐ. அதற்குக் கீழே படுக்கை வசத்தில் இருப்பது கிராபிக்ஸ் கார்டின் எச்டிஎம்ஐ. பழக்கதோஷத்தில் பழைய இடத்திலேயே செருகிவிடுவோம். ரைசன் 5 5600-க்குள் கிராபிக்ஸ் கிடையாது. ஆகவே மதர்போர்டுத் துளையில் செருகினால் எத்தனை மணி நேரம் காத்திருந்தாலும் திரை கறுப்பாகத்தான் இருக்கும். இன்டெல்லில் பெயரின் கடைசியில் எஃப் என்ற எழுத்து இருக்கும் ப்ராசஸர்களுக்கும் இதே கதை.

இரண்டாவது, கார்டுக்கான தனி மின்கேபிள். மதர்போர்டின் ஸ்லாட் வழியாக ஒரு கார்டுக்கு அதிகபட்சம் 75 வாட்தான் கிடைக்கும். ஆர்டிஎக்ஸ் 3060-க்கு வேண்டியது 170 வாட். மீதியை எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து 8 பின் கேபிள் நேரே கொண்டுவர வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை. ப்ராசஸருக்குப் போகும் கேபிளும் 8 பின்தான். பார்வைக்கு இரண்டும் ஒன்று போலத் தெரியும், ஆனால் மின்சாரம் வரும் பின்கள் இடம் மாறியிருக்கும். ப்ராசஸருக்கானது நான்கும் நான்குமாகப் பிரியும். கார்டுக்கானது ஆறும் இரண்டுமாகப் பிரியும். வடிவம் வேறு என்பதால் தவறான கேபிள் எளிதில் நுழையாது. நுழையாததை வலுக்கட்டாயமாக அழுத்தக் கூடாது. கழற்றி மாட்டும் கேபிள் உள்ள எஸ்எம்பிஎஸ் என்றால் அதனுடன் வந்த கேபிளை மட்டுமே பயன்படுத்துங்கள். வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிள் அச்சாகப் பொருந்தும். பொருந்தியும் பாகங்களை எரித்துவிடும்.

மூன்றாவது, கார்டும் ராமும் முழுதாக உட்கார்ந்திருக்கின்றனவா என்பது. மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கி, பவர் பட்டனை ஒரு தடவை அழுத்தி மிச்சமிருக்கும் மின்சாரத்தை வடித்துவிட்டு, இரண்டையும் கழற்றித் திரும்ப மாட்டுங்கள். கிளிப் விழும் சத்தம் கேட்க வேண்டும்.

இவை மூன்றும் சரியாக இருந்தன. சிபியு விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

மாற்றிய இரண்டில் ஒன்றைப் பின்வாங்குதல்

ஒரே நேரத்தில் இரண்டு பொருளை மாற்றுவதில் உள்ள சிக்கல் இங்கேதான் தலைகாட்டும். எது காரணம் என்று சொல்ல வழியில்லாமல் போய்விடுகிறது. முடிந்தால் முதலில் ப்ராசஸரை மாற்றி, ஒரு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு, பிறகு கார்டை மாட்டுவதுதான் நல்லது. ஏற்கெனவே இரண்டையும் மாட்டியாகிவிட்டது என்றால் ஒன்றைப் பழையபடி ஆக்கிப் பாருங்கள்.

எந்த ஒன்றை? அவனுடைய பழைய ப்ராசஸர் ரைசன் 3 3200ஜி. அதற்குள் கிராபிக்ஸ் உண்டு. புது ப்ராசஸரை வைத்துக்கொண்டு கார்டைக் கழற்றினால் படம் வர வழியே இல்லாததால் அந்தச் சோதனையால் பயனில்லை. பழைய ப்ராசஸரைத் திரும்பப் போட்டு, புதுக் கார்டை அப்படியே விட்டால் ஒரே சோதனையில் இரண்டு பதில் கிடைக்கும். அதைத்தான் செய்யச் சொன்னேன்.

ப்ராசஸரைக் கழற்றும்போது கொஞ்சம் பொறுமை வேண்டும். அவன் வைத்திருந்த ஏஎம்4 என்ற சாக்கெட் (ப்ராசஸர் உட்காரும் இடம்) வகையில் பின்கள் ப்ராசஸரின் அடியில் இருக்கும். ப்ராசஸருக்கும் அதைக் குளிர்விக்கும் கூலருக்கும் நடுவில் தடவிய பழைய பேஸ்ட் காய்ந்து இறுகியிருந்தால், கூலரை நேராக மேலே இழுக்கும்போது ப்ராசஸரும் ஒட்டிக்கொண்டு சாக்கெட்டிலிருந்து பிடுங்கி வரும், பின் வளையும். இயங்கும் நிலையில் உள்ள கம்ப்யூட்டர் என்றால் கழற்றுவதற்கு முன் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். பேஸ்ட் இளகியிருக்கும். அப்புறம் அணைத்து, கூலரை இட வலமாக மெல்லத் திருகி எடுங்கள். திரும்ப வைக்கும்போது மூலையில் உள்ள பொன்னிற முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு சேர்த்து வைத்தால் ப்ராசஸர் தன் எடையிலேயே உள்ளே இறங்கும். விரலால் அழுத்த வேண்டிய தேவை வந்தால் ஏதோ தவறு என்று பொருள்.

பழைய ப்ராசஸரும் புதுக் கார்டுமாகப் போட்டதும் திரை வந்தது. ஆக, திருப்பிக் கொடுக்க நினைத்த கார்டில் குறையே இல்லை. அடைப்பு ப்ராசஸருக்கும் மதர்போர்டுக்கும் நடுவில்.

பயாஸ் என்ற பழைய பட்டியல்

அவனுடைய போர்டு பி450 வகை. இந்த வகை 2018-இல் வந்தது. ரைசன் 5 5600 சந்தைக்கு வந்தது 2022-இல். சாக்கெட் ஒன்றுதான், உள்ளே கச்சிதமாக உட்காரும். ஆனால் அதற்கு முன்பே எழுதப்பட்ட பயாஸுக்குப் பின்னால் பிறக்கப்போகும் ப்ராசஸரைத் தெரியாது. எந்தெந்த ப்ராசஸரை எப்படி எழுப்புவது என்ற விவரம் பயாஸுக்குள் இருக்கிறது. அதில் இல்லாத ப்ராசஸர் வந்து உட்கார்ந்தால் போர்டு அதை எழுப்பத் தெரியாமல் நிற்கும். பேன் சுற்றும், விளக்கு எரியும், திரை கறுப்பாக இருக்கும். அவன் போனில் சொன்னது எழுத்துக்கு எழுத்து இதுதான்.

தீர்வு, பயாஸைப் புதுப்பிப்பது. போர்டைத் தயாரித்தவர்களின் தளத்தில் உங்கள் போர்டின் பெயரை முழுதாக, கடைசி எழுத்து வரை சரிபார்த்துத் தேடினால், எந்த ப்ராசஸருக்கு எந்தப் பயாஸ் பதிப்பு முதல் ஆதரவு உண்டு என்று ஒரு அட்டவணை இருக்கும். அந்தக் கோப்பை இறக்கி, எஃப்ஏடி32 முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவில் போட்டு, பயாஸ் திரைக்குள் போய் அங்கிருந்தே புதுப்பிக்க வேண்டும். சில நிமிட வேலை. அந்த நிமிடங்களில் கரண்டு போனால் போர்டு எழுந்திருக்காமல் போகக்கூடும். மின்தடை அறிவித்திருக்கும் நாளிலோ, இடி மின்னலுடன் மழை பெய்யும் மாலையிலோ இதைத் தொடாதீர்கள். யுபிஎஸ் வழியாக, பாட்டரி நன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

இதைச் செய்ய பழைய ப்ராசஸர் கையில் இருக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். பழையதை விற்றுத்தான் புதியதற்குப் பணம் சேர்க்கிறோம் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் புது ப்ராசஸர் ஒரு வாரம் ஒழுங்காக ஓடும்வரை பழையதைக் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்தாயிற்று என்றால், ப்ராசஸரே இல்லாமல் பென்டிரைவிலிருந்து பயாஸை எழுதும் பட்டன் சில போர்டுகளின் பின்பக்கத்தில் இருக்கும், பாருங்கள். அதுவும் இல்லையென்றால் போர்டைக் கடைக்குக் கொண்டுபோய், அவர்களிடம் இருக்கும் ஏதாவது பழைய ப்ராசஸரை வைத்துப் பயாஸை மட்டும் மாற்றித் தரச் சொல்லலாம்.

புதுப்பித்த பின் புது ப்ராசஸரைப் போட்டான். சிபியு விளக்கு அணைந்தது. அடுத்த விளக்கில் ஒரு நிமிடத்துக்கு மேல் நின்றது, அவன் பதறிப் பவரை அணைக்கப் போனான். பொறுக்கச் சொன்னேன். புது ப்ராசஸர் முதல் தடவை எழும்போது ராமோடு எந்த வேகத்தில் பேசுவது என்று தானே பழகிப் பார்க்கும். டிடிஆர்5 ராம் உள்ள புதிய போர்டுகளில் இதற்குச் சில நிமிடங்கள்கூட ஆகலாம். சற்று நேரத்தில் படம் வந்தது.

படத்தோடு ஒரு ஆங்கிலச் செய்தியும் வந்தது. புது ப்ராசஸர் கண்டறியப்பட்டது, எஃப்டிபிஎம்மை (ப்ராசஸருக்குள் பூட்டுச் சாவிகளை வைக்கும் பெட்டகம்) அழித்துப் புதிதாக அமைக்கவா, ஒய் அல்லது என் அழுத்து என்று கேட்கும். அவசரப்பட்டு ஒய்யை அழுத்திவிடாதீர்கள். உங்கள் விண்டோஸில் டிஸ்க்கை மூடி வைக்கும் பிட்லாக்கர் பூட்டு இருந்தால், அதன் சாவி பழைய ப்ராசஸரோடு சேர்ந்திருக்கும். ஒய் அழுத்திய பிறகு டிஸ்க்கைத் திறக்க 48 இலக்க மீட்பு எண் கேட்கும். அது இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் அத்தனை கல்யாண வீடியோவும் பூட்டியபடியே கிடக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்த விண்டோஸ் 11 கணினிகளில் நாம் கேட்காமலே இந்தப் பூட்டு போடப்பட்டிருக்கலாம். ப்ராசஸரைக் கழற்றுவதற்கு முந்தின நாளே அந்த எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பயாஸ் புதுப்பித்தால் நாம் முன்பு செய்த அமைப்புகள் எல்லாம் பழைய நிலைக்குப் போய்விடும். வேகம் 3200 என்று எழுதிய டிடிஆர்4 ராம் 2133-லோ 2400-லோ ஓடும். பயாஸில் எக்ஸ்எம்பி என்ற அமைப்பைத் திரும்ப இயக்கினால் சரியாகும். இயக்கியபின் கம்ப்யூட்டர் தடுமாறினால் முதல் சந்தேகம் அதன்மேல்தான், மறுபடி அணைத்துப் பாருங்கள். பூட் முறை மாறிப்போய் விண்டோஸ் டிஸ்க் தெரியாமல் போவதும் உண்டு.

கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பழைய கிராபிக்ஸின் டிரைவர் உள்ளேயே தங்கிப் புதியதோடு மோதினால் திரை நடுங்கும், ஒரு நொடி கறுத்துத் திரும்ப வரும். சேஃப் மோடில் போய், டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற இலவச மென்பொருளால் பழையதைத் துடைத்துவிட்டு, என்விடியாவின் புது டிரைவரைப் போட்டால் அநேகமாகத் தீரும்.

ஓடும், ஓடி நின்றுவிடும்

மறுநாள் மாலை மறுபடி போன். "எடிட்டிங் நல்லா ஓடுது மாமா. ரெண்டர் போட்டா அஞ்சாவது நிமிஷம் பட்டுன்னு ஆஃப் ஆயிருது."

ரெண்டர் என்பது எடிட் செய்ததை முழு வீடியோவாக மாற்றி எழுதும் வேலை. இந்த வகைப் பழுதில்தான் நிறையப் பேர் ஏமாந்து நல்ல பாகங்களை மாற்றுகிறார்கள். அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். "ஆஃப் ஆகிறது" என்று எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்கள், ஆனால் அணைவதில் பல விதம் உண்டு. திரை மட்டும் கறுத்துத் திரும்ப வந்தால், முன்பே சொன்னபடி டிரைவரையோ கார்டையோ பாருங்கள். நீலத் திரை வந்து தானே ரீஸ்டார்ட் ஆனால் ராமையோ டிரைவரையோ சந்தேகிக்கலாம். வேகம் குறைந்து குறைந்து, பேன் இரைந்து, பிறகு அணைந்தால் சூடு. எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் கரண்டைப் பிடுங்கினாற்போல நின்றால் மின்சாரம். கடைசி வகையில் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும்: கேபினெட் மட்டும் அணைந்ததா, மானிட்டரும் சேர்ந்து அணைந்ததா?

"மானிட்டரும் போயிருச்சு. யுபிஎஸ் கீச்சுன்னு கத்துச்சு" என்றான்.

மானிட்டருக்கு எஸ்எம்பிஎஸ்ஸோடு தொடர்பு கிடையாது. அது நேராக யுபிஎஸ்ஸில் செருகியிருக்கிறது. இரண்டும் ஒரே நொடியில் அணைந்தால் தண்ணீர் நின்ற இடம் கம்ப்யூட்டருக்கு வெளியே, யுபிஎஸ்ஸில்.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். ரைசன் 5 5600-க்கு 65 வாட் என்று போட்டிருந்தாலும் முழு வேலையில் 76 வரை இழுக்கும். கார்டுக்கு 170. போர்டு, ராம், டிஸ்க், பேன் எல்லாம் சேர்த்து ஒரு 50 என்று வைப்போம். மொத்தம் 296 வாட். எஸ்எம்பிஎஸ் சுவரிலிருந்து வாங்குவதில் ஒரு பங்கைச் சூடாக இழந்துவிடும். நூற்றுக்கு 85 பங்கு உள்ளே போகிறது என்றால் சுவரில் இழுப்பது 350 வாட்டை ஒட்டி வரும். மானிட்டருக்கு ஒரு 30. ஆக 380. அவனிடம் இருந்தது வீடுகளில் சாதாரணமாக இருக்கும் 600 விஏ யுபிஎஸ். பின்பக்கத்தைப் பார்க்கச் சொன்னேன். 360 வாட் என்று அச்சிட்டிருந்தது. விஏ என்பதும் வாட் என்பதும் ஒன்று என்று நினைத்துக்கொண்டிருந்தான். வாட் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும், நாம் பார்க்க வேண்டியதும் அதைத்தான்.

எடிட்டிங் செய்யும்போது இவ்வளவு இழுக்காது. ரெண்டரில் ப்ராசஸரும் கார்டும் ஒன்றாக முழு வேகத்துக்குப் போகும்போதுதான் அளவு மீறும். சோதனைக்காக ஒரே ஒரு தடவை யுபிஎஸ்ஸை விட்டுவிட்டு நேரே சுவர் பிளக்கில் செருகி ரெண்டர் போடச் சொன்னேன். நாற்பது நிமிடம் நிற்காமல் ஓடியது. அந்த வாரமே 1000 விஏ, 600 வாட் யுபிஎஸ் வாங்கினான்.

மானிட்டர் எரிந்துகொண்டே இருக்க, கேபினெட் மட்டும் அணைந்திருந்தால் எஸ்எம்பிஎஸ்ஸை முதலில் சந்தேகித்திருப்பேன். கேபினெட்டோடு சேர்ந்து வரும் விலை குறைந்த எஸ்எம்பிஎஸ்களில் 450 வாட் என்று பெரிய எழுத்தில் இருக்கும். அதை நம்பாமல் லேபிளில் 12 வோல்ட் என்ற வரியில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். ப்ராசஸரும் கார்டும் சாப்பிடுவது அந்த 12 வோல்ட்டைத்தான். 18 ஆம்பியர் என்றிருந்தால் 12-ஐ 18-ஆல் பெருக்குங்கள்: 216 வாட். ஆர்டிஎக்ஸ் 3060-க்கு என்விடியா பரிந்துரைப்பது 550 வாட் எஸ்எம்பிஎஸ். 8 பின் கேபிள் இல்லை என்பதற்காக டிஸ்க்குக்குப் போகும் சாட்டா கேபிளிலிருந்து மாற்றி எடுக்கும் கன்வர்ட்டரைப் போடாதீர்கள். அந்த முனை சுமார் 54 வாட்டுக்கு மேல் தாங்காது. உருகித் தீப்பிடிக்கும் ஆபத்து உண்மையானது.

விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் இப்படி அணைந்த ஒவ்வொரு தடவையும் கெர்னல் பவர் 41 என்று ஒரு பதிவு இருக்கும். அதைப் பார்த்துவிட்டு எஸ்எம்பிஎஸ் போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். முறையாக ஷட்டவுன் ஆகாமல் நின்றுபோனது என்பதைத் தவிர அதில் வேறு செய்தி இல்லை. அதே நேரத்தில் வியா லாகர் (WHEA-Logger) என்ற பதிவும் இருந்தால் ப்ராசஸர், ராம் பக்கம் தேடலாம்.

சூடும் மதுரைக்காரர்கள் மறக்கக் கூடாத விஷயம். ஏசி இல்லாத மாடி அறையில், சித்திரை வெயிலில், அறையே 38, 40 டிகிரி இருக்கும்போது கேபினெட்டுக்குள் போகும் காற்றும் அதே சூட்டில்தான் போகும். ரைசன் 5 5600-இன் உச்ச வரம்பு 90 டிகிரி. அதை ஒட்டினால் ப்ராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். புதுக் கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைப் பிரிக்காமல் மாட்டியதை நான் இரண்டு வீடுகளில் பார்த்திருக்கிறேன். கம்ப்யூட்டரைப் போட்டு சில நிமிடங்களிலேயே சும்மா இருக்கும்போதும் 80-ஐத் தாண்டினால் முதலில் அதைத்தான் கழற்றிப் பாருங்கள். பிறகு பேஸ்ட், கூலரின் நான்கு திருகுகளும் சமமாக இறுகியிருக்கின்றனவா என்பது, முன்பக்க வலையில் அடைத்திருக்கும் தூசி.

எல்லாம் பார்த்தும் பிடிபடாமல் கடைக்குப் போக வேண்டி வந்தால், "ஓடல" என்று மட்டும் சொல்லாமல் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எந்த விளக்கில் நின்றது, பழைய ப்ராசஸர் போட்டபோது என்ன ஆனது, பயாஸ் பதிப்பு எண் என்ன, அணையும்போது மானிட்டரும் அணைந்ததா, எத்தனையாவது நிமிடத்தில். அவன் அந்தத் தாளைக் கேபினெட்டின் பக்கவாட்டுக் கதவின் உட்புறத்தில் ஒட்டி வைத்திருக்கிறான். மூன்று கல்யாணங்களில் கடைசியானது பெண் வீட்டாருக்குப் புரட்டாசி முதல் வாரமே போய்ச் சேர்ந்தது.